நாற்பத்தோராவது உறை

உங்கள் வீடுகளில் இன்னும் பாலைக் காய்ச்சி ஆறவைத்து, முந்தின நாள் தயிரில் ஒரு கரண்டி விட்டு உறை ஊற்றுகிறீர்களா என்று எனக்குத் தெரியாது. கடையில் டப்பா வாங்குகிறவர்களாக இருந்தாலும் பரவாயில்லை, கதை புரியும். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நேற்றைய தயிர் இல்லாமல் இன்றைய தயிர் கிடையாது. அந்த ஒரு கரண்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவைதான் பாலைத் தயிராக்குகின்றன. அந்த உயிர்களுக்கு இன்னொரு வேலையும் சொல்லிக் கொடுத்தால் என்ன என்று ஒரு காலத்தில் ஒருவருக்குத் தோன்றியது. எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பம்.

அவர் பெயர் டாக்டர் பியூலா. காளிங்கராயன் வாய்க்கால் கரையில், ஓடைப்பாளையத்துக்கு வெளியே, அரசாங்கம் கட்டிய உயிர்மருந்து ஆலைக்குத் தலைவியாக வந்தவர். அந்தப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக முறைக்குள்ளேயே கட்டிக்கொள்வார்கள். மாமன் மகன், அத்தை மகள் என்று ரத்தம் ரத்தத்தோடு சுற்றிச் சுற்றி வந்ததில், சில குழந்தைகள் ஒரு குறையோடு பிறந்தன. பருப்பிலும் பாலிலும் இருக்கிற ஒரு சத்தை அவர்கள் உடம்பால் உடைக்க முடியாது. அது தங்கித் தங்கி மூளையில் ஏறும். ஓடியாடிய பிள்ளைக்கு வலிப்பு வரும், பேச்சு குழறும், பிறகு பேச்சே போய்விடும். டாக்டர் பியூலா தயிருக்குள் இருக்கும் உயிரைத் திருத்தி, அந்தச் சத்தை வயிற்றிலேயே தின்றுவிடும்படி செய்தார். தினம் காலையில் ஒரு டம்ளர். அவ்வளவுதான் மருந்து.

அதற்குக் காகிதத்தில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. ஊரில் 'சர்க்கார் உறை' என்றார்கள். புதன்கிழமை தோறும் ஆலை வாசலில் வரிசை நிற்கும். கொண்டு வந்த பாத்திரத்தில் ஒரு கரண்டி விடுவார்கள். வீட்டுக்குப் போய் உறை ஊற்றிக்கொண்டால் ஆயுசுக்கும் போதும். "இந்த உயிர் அந்த வேலையை மறந்தால் செத்துப்போகும். அப்படித்தான் கட்டியிருக்கிறேன். அதனால் நீங்கள் மறக்காமல் உறை ஊற்றினால் போதும்," என்பார் டாக்டர். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு, அங்கிருந்து அடுத்த ஊருக்கு என்று அது போய்க்கொண்டே இருந்தது.

அந்த வாசலில் கரண்டி பிடித்தவள் கோகிலவாணி. இருபது வயதில், பி.எஸ்ஸி முடித்த கையோடு சேர்ந்தவள். அதே மாதம் சேர்ந்த இன்னொருத்தி ரஞ்சிதா. அவளும் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவள்தான். ஆனால் அவளுக்குக் கிடைத்தது கொப்பரை கழுவுகிற வேலை. அவள் ஊருக்குக் கிழக்கே ஒதுக்கிவைத்த குடியிருப்பான வளவிலிருந்து வந்தாள். அந்த வளவிலிருந்து யார் வந்தாலும் கழுவுகிற வேலைதான் கிடைக்கும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஏனென்று எல்லோருக்கும் தெரியும்.

ஆலைக்குள் இருவரும் சிநேகிதம்தான். ஒரே மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவரவர் டப்பா அவரவர் மடியில் இருக்கும். பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட ஒரு டப்பாவுக்குள் இன்னொரு கை போனதில்லை.

பிறகு அரசாங்கத்துக்கு ஆலையை நடத்துவது கட்டுப்படியாகவில்லை. ஒரு கம்பெனி வாங்கியது. வாங்கிய அன்றே பழைய உறை அத்தனையையும் நீராவியில் வேகவைத்து அழித்தார்கள். அழித்ததற்குச் சாட்சியாகக் கோகிலா கையெழுத்துப் போட்டாள். வெந்த கொப்பரைகளை ரஞ்சிதா கழுவி வைத்தாள். டாக்டர் பியூலா தன் மேஜையிலிருந்த பூச்செடியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

கம்பெனியின் உறை பாக்கெட்டில் வந்தது. வேலை அதேதான், ஆனால் அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். நாற்பது தடவை உறை ஊற்றலாம். நாற்பத்தோராவது தடவை பால் தயிராகும், புளிக்கும், மணக்கும், ஆனால் மருந்து அதில் இருக்காது. பார்த்தால் தெரியாது, குடித்தாலும் தெரியாது. ஒரு வெள்ளைப் பட்டையை முக்கினால்தான் தெரியும். மருந்து இருந்தால் பட்டை ஊதாவாகும், இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். இன்னொன்றும் உண்டு. கம்பெனி உறை வேறு எந்த உறையோடு கலந்தாலும் அதைத் தின்றுவிட்டுத் தான் மட்டும் வளரும். பாக்கெட் வாங்கியவள் பக்கத்து வீட்டுக்கு ஒரு கரண்டி கொடுப்பாள், அவள் அடுத்தவளுக்குக் கொடுப்பாள். ஒரே வருஷத்தில் ஊருக்குள் சர்க்கார் உறை இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

கோகிலாவுக்கு இப்போது பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒவ்வொரு தொகுதியையும் நாற்பத்தொரு தடவை உறை ஊற்றிப் பார்க்க வேண்டும். நாற்பதில் பட்டை ஊதாவாக வேண்டும். நாற்பத்தொன்றில் ஆகக் கூடாது. ஆகிவிட்டால் அந்தத் தொகுதியே தள்ளுபடி. செத்தால்தான் பாஸ். பன்னிரண்டு வருஷம் அவள் அந்தச் சாவை நோட்டம் பார்த்துச் சம்பளம் வாங்கினாள். தப்பாக நினைக்காதீர்கள். அவள் கெட்டவள் இல்லை. சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்கிறவள். ஒரு தடவை தங்கராசு என்று ஒரு தொழிலாளி, கணக்கு ஏற்றாத மூல உறையைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு வெளியே கொண்டுபோனான். கோகிலா எழுதிக் கொடுத்தாள். அவனுக்கு வேலை போனதோடு வழக்கும் வந்தது. அது எல்லோருக்கும் நினைவிருந்தது.

அவளுடைய கணவன் சதீஷ் அவளுக்குச் சொந்த அத்தை மகன். குழந்தை இதழினி பிறந்து மூன்றாம் வாரம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குறை இருந்தது. கோகிலா அழவில்லை. "நான் வேலை செய்யற எடத்துலயே மருந்து இருக்குது, எதுக்கு அழோணும்?" என்றாள். தொழிலாளர் குழந்தை என்று பாக்கெட் சும்மாவே கிடைத்தது.

இதழினி நன்றாக வளர்ந்தாள். வாயாடி. தினமும் சாயங்காலம் அம்மா தயிரில் பட்டையை முக்கும்போது பக்கத்தில் வந்து நின்றுகொள்வாள்.

"ஊதா வந்துருச்சாம்மா?"

"வந்துருச்சு கண்ணு."

"எங்க, காட்டு. ஐ, கத்திரிக்கா ஊதா! நேத்து டிசம்பர் பூ ஊதா. நாளைக்கு என்ன ஊதா வரும்?"

அவளுக்கு ஆறு வயது முடிந்தபோது கம்பெனி அந்த உறையை நிறுத்தப் போவதாக அறிவித்தது.

கோகிலா நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். மேனேஜர் ரித்விக் சென்னையிலிருந்து வந்த பையன், முப்பது வயதுகூட இருக்காது. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான்.

"உக்காருங்க மேடம். நானே கூப்பிடணும்னு இருந்தேன்."

"ஏனுங்க சார் நிறுத்தறாங்க? நல்லாத்தான போயிட்டிருக்குது?"

"நாடு முழுக்க மொத்தம் ஆயிரத்து நூறு குழந்தைங்கதான் மேடம். அதுக்காக ஆறு கொப்பரை ஓடுது. அதே கொப்பரையில இனிமே வேற ஒண்ணு பண்ணப் போறாங்க. வெளிநாட்டுல வளக்கற நாய்க்கு மூட்டுவலி மருந்து. அது எத்தனை கோடி நாய்னு நீங்களே பாருங்க."

"எம் புள்ள அந்த ஆயிரத்து நூறுல ஒண்ணுங்க."

அவன் மேஜையைப் பார்த்தான். "ஊசி ஒண்ணு வந்திருக்கு மேடம். மாசத்துக்கு ஒண்ணு. ஆனா அதோட விலை... என்னாலயே முடியாது. பொய் சொல்ல விரும்பல."

"சரிங்க, நிறுத்திக்கட்டும். அந்தக் கணக்கு ஏத்தாத மூல உறையில ஒரே ஒரு கரண்டி எனக்குக் குடுங்க. நான் வூட்லயே ஊத்திக்கறேன்."

"அதைத்தான் முதல்ல அழிச்சாங்க. போன வாரமே. காப்புரிமையை வேற நாட்டுக்காரன் வாங்கிட்டான். இங்க ஒரு துளி இருந்தாலும் கேஸ். நீங்களே ஒருத்தர் மேல எழுதிக் கொடுத்திருக்கீங்க."

"பழைய சர்க்கார் உறை?"

"அது பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடியே இல்லாம போச்சு. அந்த பேப்பர்ல உங்க கையெழுத்துதான் இருக்கு."

கோகிலா கடைசிப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். காலண்டரில் நாற்பது நாளைக் கட்டம் போட்டாள். ஒரு நாள் ஊற்றியதை இரண்டு நாள் வைத்துக் கொடுத்துப் பார்த்தாள். முதல் நாள் பட்டை ஊதாவாகும், இரண்டாம் நாள் மங்கிவிடும். அப்படி இழுத்தும் ஒரு சாயங்காலம் பட்டை வெள்ளையாகவே நின்றது.

"இன்னிக்கி என்னம்மா ஊதாவே வரல?"

"பட்டை பழசாயிருச்சு கண்ணு. போய் வெளையாடு."

பருப்பில்லை, பாலில்லை, முட்டையில்லை என்று ஆஸ்பத்திரியில் ஒரு பட்டியலும், கசக்கும் மாவு ஒன்றும் கொடுத்தார்கள். வாயில் வைத்தால் குழந்தை துப்பினாள். ஆலையில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். வந்து வந்து கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். ரஞ்சிதா மட்டும் எதுவும் சொல்லாமல் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் விடியற்காலை, முதல் ஷிப்டுக்குப் போகிற வழியில், ரஞ்சிதா கோகிலா வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினாள். உள்ளே வரவில்லை. ஊருக்குள் எந்த வீட்டுக்குள்ளும் அவள் வந்ததில்லை. காம்பவுண்டுச் சுவர்மேல் ஒரு சின்னத் தூக்குப்போசியை வைத்தாள்.

"கோகிலாக்கா, தயிர் கொண்டாந்தனுங்க. பாப்பாவுக்குக் குடுங்க. தெனமும் கொண்டாறேன்."

"எதுக்கு ரஞ்சி உனக்குச் சிரமம்?"

"அதுக்கென்னங்க. நல்ல தயிருங்க. வெறும் வயித்துல ஒரு டம்ளர் குடுத்தீங்கன்னாப் போதும். நீங்க பாத்தாவே தெரியுமுங்க." ஒரு நிமிஷம் ஏதோ சொல்ல வந்தவள் போல நின்றாள். பிறகு தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு சைக்கிளை மிதித்துப் போய்விட்டாள்.

கோகிலா போசியை எடுத்து மூடியைத் திறந்தாள். கெட்டித் தயிர். பாவம், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், தயிர் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிட்டாள் போல என்று எண்ணிக்கொண்டாள். கண்கூடக் கலங்கியது அவளுக்கு. பின்கட்டிலிருந்து மாமியார் குரல் கேட்டது.

"எங்கிருந்து வந்துது அது?"

"ரஞ்சிதா குடுத்தாளுங்கத்த."

"அந்த வளவுப் புள்ளையா? அடுப்படிக்குள்ள கொண்டாராத சாமி. முருங்கை தூர்ல ஊத்தீரு."

நான் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். மாமியார் சொன்னதால்தான் ஊற்றினாள் என்று சொல்லிவிட்டால் நமக்கெல்லாம் சுலபமாக இருக்கும். ஆனால் அவர் சொல்வதற்கு முன்பே கோகிலாவின் கால் பின்பக்கம் திரும்பியிருந்தது. அதை அவள் யோசித்துச் செய்யவில்லை. எச்சில் கையை உதறுவது போல, செருப்பை வாசலில் விடுவது போல, பிறந்ததிலிருந்து உடம்பில் ஊறியது. பட்டைகள் அடங்கிய டப்பா சமையலறை அலமாரியில் இருந்தது. முருங்கை மரத்துக்குப் போகிற வழியில் அந்த அலமாரியைத் தாண்டித்தான் போனாள்.

போசியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது அங்கே எல்லா வீட்டுக்கும் பழக்கம். ஒரு கரண்டி சர்க்கரை போட்டு மூடி, சுவர்மேல் வைத்தாள்.

மறுநாளும் தயிர் வந்தது. மறுநாளும் முருங்கை தூருக்குப் போயிற்று. மறுநாளும் ஒரு கரண்டி சர்க்கரை. ஆலையில் பார்க்கும்போது ரஞ்சிதா கேட்பாள்: "பாப்பா குடிச்சுதுங்களா?" கோகிலா சிரித்துக்கொண்டே, "குடிச்சா ரஞ்சி, நல்லாருந்துதுன்னா," என்பாள். மனசு நோகக் கூடாதே என்று சொன்ன பொய்தான்.

அப்படி இருபத்தாறு நாள்.

இருபத்தேழாம் நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த இதழினி அப்படியே சாய்ந்தாள். கண் மேலே செருகியது. ஈரோட்டு ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள். உயிர் தங்கியது. ஆனால் வீட்டுக்கு வந்தது வேறு பிள்ளை. வார்த்தைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன. முதலில் பெயர்கள் போயின. 'சைக்கிள்' போயிற்று, 'மயில்' போயிற்று. சதீஷ் ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டி, "இது என்ன தங்கம், சொல்லு?" என்று கேட்பான். அவள் அப்பாவின் வாயையே பார்ப்பாள். 'அப்பா' போன அன்றைக்கு அவன் மாட்டுக் கொட்டகைக்குப் போய் நின்றுகொண்டான். கடைசி வரைக்கும் தங்கியிருந்தது ஒரே ஒரு வார்த்தைதான். கத்திரிக்காயைக் கண்டால், அம்மாவின் பழைய சேலையைக் கண்டால், வாயைக் குவித்து "ஊதா" என்பாள். ஒரு வாரத்தில் அதுவும் நின்றது.

கோகிலா மறுபடி வேலைக்கு வந்த முதல் நாள், மதியம், சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் ரஞ்சிதா அவளைப் பிடித்து இழுத்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. முந்தானைக்குள்ளிருந்து ஒரு சின்ன மருந்துக் குப்பியை எடுத்தாள். உள்ளே தயிர்.

"அக்கா, உங்க கால்ல வேணாலும் வுழுகறேன். இதை மட்டும் பட்டை போட்டுப் பாத்துச் சொல்லுங்க. யார்கிட்டயும் சொல்லீராதீங்க. தங்கராசு அண்ணனுக்கு ஆன மாதிரி எனக்கு ஆயிரும்."

"என்ன இது?"

"நான் பாப்பாவுக்குக் கொண்டாந்தனே, அந்தத் தயிருதாங்க. சர்க்கார் ஒறை."

கோகிலாவுக்கு முதலில் விளங்கவில்லை. "சர்க்கார் உறையா? அதுதான் எப்பவோ அழிஞ்சு போச்சே."

"ஊருக்குள்ள அழிஞ்சுதுங்க. எம் பையன் அகிலனுக்கும் இதே நோவுதாங்க. பியூலாம்மா அவன் பொறந்தப்பத் தன் கையால ஊத்திக் குடுத்தாங்க. பதினாலு வருசமா ஒரு நாள் வுடாம ஊத்தீட்டு வாறேன். அவன் இப்ப ஒம்பதாவது படிக்கறான், கபடி ஆடறான். வெளிய சொன்னா கம்பெனிக்காரன் புடுங்கீட்டுப் போயிருவான்னு வாயத் தொறக்கல."

"ஆனா... கம்பெனி உறை கலந்தா அது போயிருமே. எல்லா ஊட்லயும் போயிருச்சே."

ரஞ்சிதா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "எங்களுக்கு யாருங்க ஒறை குடுத்தாங்க? எங்ககிட்ட யாரு வந்து வாங்குனாங்க? எது வந்து கலக்கும் அதுல?"

கோகிலா குப்பியைப் பார்த்தாள்.

"நேரா சர்க்கார் ஒறைன்னு சொல்லத்தான் நெனச்சனுங்க. நீங்க எழுதிக் குடுத்துருவீங்களோன்னு பயம். நீங்கதான் பரிச்ச பண்றவங்களாச்சே, ஒரு பட்டைய முக்கிப் பாத்துட்டுக் கம்முனு இருந்துக்குவீங்கன்னு நெனச்சன். ஆனா இருவத்தாறு நாள் குடுத்தும் பாப்பாவுக்கு இப்படி ஆயிருச்சுங்களே. அப்பன்னா ஒறை செத்துப் போச்சுன்னுதான அர்த்தம்? பாப்பா வுழுந்த நாள்ல இருந்து எனக்குச் சோறு எறங்கல. எம் பையன் இன்னிக்கிக் காலையில ஒரு தடவை தடுமாறுனான். அது தூக்கக் கலக்கமா, இல்ல அதுவான்னு தெரியலீங்க. ஊசி வாங்க ஊட்டை வித்தர்லாமான்னு எங்கூட்டுக்காரர் கேக்கறார். பாத்துச் சொல்லுங்கக்கா. உசுரோட இருக்குதா, செத்துப் போச்சா?"

குப்பியை வாங்கிக்கொண்டு கோகிலா பரிசோதனைக் கூடத்துக்குள் போனாள். யாரும் இல்லை. ஒரு பட்டையை எடுத்தாள். பன்னிரண்டு வருஷமாக வெள்ளையாக நிற்க வேண்டும் என்று பார்த்த பட்டை. இப்போதும் அவள் மனசுக்குள் ஏதோ ஒன்று, வெள்ளையாகவே நின்றுவிடாதா என்று கேட்டது. வெள்ளையாக நின்றால் அவள் ஊற்றியது வெறும் தயிர். அவள்மேல் குற்றமில்லை. அப்படி நினைத்த மறுகணமே, அப்படி நின்றால் அகிலன் என்ற ஒரு பையன் போய்விடுவான் என்பதும் புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு முக்கினாள்.

பட்டை ஊதாவாயிற்று. எந்தப் பாக்கெட்டிலும் அவள் பார்த்திராத அடர்த்தியான ஊதா.

அவள் வெளியே வந்தபோது ரஞ்சிதா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"உசுரோட இருக்குது ரஞ்சி. நல்லா இருக்குது. உம் பையனுக்கு ஒண்ணும் ஆகாது. ஊட்டை விக்க வேண்டாம்."

ரஞ்சிதா அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் அழுதாள், சிரித்தாள். பிறகு மெல்லத் தலை நிமிர்ந்தாள்.

"அப்பறம் ஏனுங்க பாப்பாவுக்குக் கேக்கல?"

கோகிலா என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். பிள்ளைக்குப் பிள்ளை உடம்பு மாறும் என்று சொல்லியிருக்கலாம். பரிசோதனைக்காரி சொன்னால் ரஞ்சிதா நம்பியிருப்பாள். ஆனால் அப்படிச் சொன்னால், நாளைக்கு அகிலனுக்குத் தலை வலித்தால்கூட அந்தத் தாய் உறையைச் சந்தேகப்படுவாள். சாகும் வரைக்கும் அந்தப் பயம் அவளோடு இருக்கும்.

"நான் குடுக்கல ரஞ்சி."

"என்னுங்க?"

"பாப்பாவுக்குக் குடுக்கவே இல்ல. முருங்கைக்கு ஊத்துனேன்."

"இருவத்தாறு நாளுமா?"

"இருவத்தாறு நாளும்."

ஆலைக்குள் ஏதோ ஒரு கொப்பரை திறக்கும் சத்தம் கேட்டது. ரஞ்சிதா ஏன் என்று கேட்கவில்லை. கேட்க அதில் ஒன்றும் இல்லை.

"சக்கரை போட்டுக் குடுத்தீங்களே," என்றாள் கடைசியில்.

"வெறும் போசியாக் குடுக்கக் கூடாதுன்னு..."

"ஆமா. குடுக்கக் கூடாது." ரஞ்சிதா விரலால் மண்ணில் கோடு போட்டுக்கொண்டே பேசினாள். "பாப்பா குடிச்சுட்டுத்தான் போட்டு அனுப்புதுன்னு நெனச்சன். அந்தச் சக்கரைய நாங்க தொடல. ஒரு டப்பாவுல சேத்து வெச்சிருக்கறேன். பாப்பாவுக்குக் கொணமானதும் அதுலயே கேசரி கிண்டிக் கொண்டாறலாம்னு." நிறுத்தினாள். "கேசரி மட்டும் வாங்கிக்குவீங்கன்னு நெனச்சன் பாருங்க."

கோகிலா அவள் பக்கத்தில் உட்காரப் போனாள். ரஞ்சிதா எழுந்துவிட்டாள். சேலையைத் தட்டிக்கொண்டு, சைக்கிளைப் பிடித்தபடி சொன்னாள்:

"நாளைக்கு வெடியால பாப்பாவைத் தூக்கீட்டு எங்கூட்டுக்கு வா. எங்கூட்டு டம்ளர்ல குடிக்கட்டும். ஒறை குடுக்க மாட்டேன். போசியும் இனிமே வராது. தெனமும் நீயே வரோணும்."

மறுநாள் காலை ஏழு மணிக்கு, பால் சொசைட்டியில் கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், கோகிலா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். மாமியார் வாசலில் மறித்தார்.

"ஊரு என்ன சொல்லும் கண்ணு?"

"பாத்ததைச் சொல்லட்டுங்கத்த."

சொசைட்டியில் பேச்சு நின்றது. யாரோ கேனை வைத்த சத்தம் மட்டும் கேட்டது. கோகிலா தார் ரோட்டைத் தாண்டி, கிழக்கு வளவின் முதல் சந்தில் நுழைந்தாள். நாற்பத்து நான்கு வருஷமாக அந்த ஊரில் இருக்கிறாள். அந்தச் சந்தில் எத்தனை வீடு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ரஞ்சிதாவின் வீடு ஓட்டு வீடு. பாய் போட்டிருந்தது. உயரமான ஒரு பையன், முழங்காலில் கபடிச் சிராய்ப்போடு, வந்து குழந்தையைப் பார்த்துச் சிரித்தான். "பாப்பா பேரு என்னுங்க?" என்று கேட்டான். கோகிலா சொன்னாள். அவன் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டான். இதழினி அவன் வாயையே பார்த்தாள்.

ரஞ்சிதா எவர்சில்வர் டம்ளரில் தயிர் கொண்டுவந்து கொடுத்தாள். குழந்தை மடமடவென்று குடித்தாள். இந்த மாதிரித் தயிரைத்தானே ஆறு வருஷமாகக் குடித்து வளர்ந்தாள், நாக்குக்குத் தெரியாதா?

போனது போனதுதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். இனிமேல் போகாமல் நிறுத்தலாம், அவ்வளவுதான். அது நின்றது. வலிப்பு வரவில்லை. மாசங்கள் போயின. ஆலையின் பெயர்ப்பலகையை இரண்டாம் தடவையாக மாற்றினார்கள். பலகையில் ஒரு நாய் துள்ளிக்கொண்டிருக்கும். கோகிலா அந்த வேலையை விட்டுவிட்டாள். காலையில் வளவுக்குப் போவதை மட்டும் விடவில்லை. மழையிலும் போனாள், தேர்த் திருவிழா அன்றைக்கும் போனாள். ரஞ்சிதா அதிகம் பேசமாட்டாள். டம்ளரைக் கொடுப்பாள், தன் வேலையைப் பார்ப்பாள். அலமாரியின் மேல்தட்டில் அந்தச் சர்க்கரை டப்பா மூடியபடியே இருக்கும்.

மார்கழியில் ஒருநாள் ரஞ்சிதா வீட்டு வேலி முழுக்க டிசம்பர் பூ பூத்திருந்தது. இதழினி குடித்து முடித்து, மேலுதட்டில் தயிரோடு, வேலியைப் பார்த்தாள். கையை நீட்டினாள். வாய் மெல்லக் குவிந்தது. ரஞ்சிதா கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு நின்றாள். குவிந்த உதடு வெகுநேரம் அப்படியே இருந்தது. சத்தம் வரவில்லை. பிறகு குழந்தை சலித்துப்போய் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

கோகிலா அவளைப் பாயில் உட்காரவைத்தாள். டம்ளரை எடுத்துக்கொண்டு வாசல் குழாயடிக்குப் போனாள். தினமும் செய்வது போலச் சாம்பல் போட்டுத் தேய்த்து, இரண்டு தரம் அலசி, திண்டின்மேல் கவிழ்த்து வைத்தாள். ஒரு காலத்தில் ஊர் டீக்கடைகளில் அந்த வளவுக்காரர்கள் குடித்த டம்ளரை அவர்களேதான் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள்.

ரஞ்சிதா பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை.